கடலூர்ல சின்ன மரப்பட்டறை: எந்த இழைப்புளி, எத்தனை, எதுல காசைப் போடறது?

மஞ்சக்குப்பம்_பட்டறை (கடலூர்)

வணக்கம். மஞ்சக்குப்பத்தில் சின்னப் பட்டறை. சாப்பாட்டு மேசை, பெஞ்ச், பழைய கதவு ஜன்னல் சீரமைப்புதான் அதிகம். மரம் பாதிக்குப் பாதி பழைய வீட்டுத் தேக்கு. மீதி பண்ருட்டிப் பலா, கொஞ்சம் வேம்பு. 82 மி.மீ. எலக்ட்ரிக் பிளேனரும், பலகையை ஒரே தடிப்புக்குச் சீவற 13 அங்குல திக்னஸர் மெஷினும் இருக்கு. பிளேனர் ஓட்டின பலகையில வார்னிஷ் ஏறினதும் குறுக்கே அலை அலையா வரி தெரியுது. பலா, வேம்பு ரெண்டுலயும் திக்னஸர் அங்கங்க நாரைப் பிடுங்கிடுது. அதை சாண்டர் போட்டு எடுக்கிறதுக்குள்ள பலகையே ஒரு பக்கம் பள்ளமாகிடுது.

நல்ல கை இழைப்புளி வாங்கலாம்னு இருக்கேன். கையில 25,000 ரூபாய். கடையில 4, 5ன்னு நம்பர் போட்டு வெச்சிருக்காங்க. ஆன்லைன்ல மூணு சேர்ந்த செட் மலிவா வருது. லோ ஆங்கிள் (பிளேடு சாய்வா படுத்திருக்கிற வகை) ஒண்ணு வாங்கினா எல்லாத்துக்கும் போதும்னு சிலர் சொல்றாங்க. எந்த அளவுல எத்தனை வாங்கணும்? கடையில எடுத்துப் பார்க்கும்போது எதைச் சோதிக்கணும்? மேசைக்குப் பலகை ஒட்டறது அஞ்சரை, ஆறடி நீளம் வரும்.

---

சீவல்சுருள் (நெல்லித்தோப்பு, புதுச்சேரி)

செட் வேண்டாம் அண்ணா. செட்டுல ஒண்ணு எப்பவும் அலமாரிக்குப் போற சாமானா இருக்கும்.

நம்பர் கதை சுருக்கமா: லியோனார்ட் பெய்லிங்கறவரோட இழைப்புளி பேட்டன்ட்டை 1869-ல வாங்கின ஸ்டான்லி கம்பெனி போட்ட வரிசைதான் இன்னிக்கு வரைக்கும் எல்லாரும் வெச்சிருக்கிறது. 4-ம் நம்பர் சுமார் 9½ அங்குல நீளம், 5-ம் நம்பர் 14 அங்குலம், ரெண்டுக்கும் பிளேடு 2 அங்குல அகலம். 7-ம் நம்பர் 22 அங்குலம், பிளேடு 2⅜ அங்குலம். இங்கிலாந்து ரெக்கார்ட் கம்பெனி இழைப்புளியில முன்னால ஒரு சைபர் சேர்த்து 04, 05, 07ன்னு இருக்கும். நம்ம ஊர் அனந்த், க்ரோஸ் எல்லாம் இதே பெய்லி அமைப்புதான். ஒரு நல்ல 4-ஐ எப்படிச் சரி பண்றதுன்னு தெரிஞ்சா, எந்தப் பேர்ல வந்தாலும் அந்த வித்தை செல்லும்.

நீளம்தான் வேலையைத் தீர்மானிக்குது. நீளமானது பள்ளத்தைத் தாண்டிப் போய் மேட்டை மட்டும் சீவும். கட்டையானது பள்ளத்துக்குள்ளயும் இறங்கிச் சீவும். அதனால நேராக்கறதுக்கு 7, மேற்பரப்பு வழவழன்னு முடிக்க 4, நடுவுல எல்லாத்துக்கும் 5. இழைப்புளியோட நீளத்துல ரெண்டு மடங்கு வரைக்கும் விளிம்பைக் கண்ணை மூடிக்கிட்டு நேராக்கலாம்னு ஒரு கணக்கு உண்டு: 5-ல சுமார் 28 அங்குலம், 7-ல 44 அங்குலம். உங்க ஆறடிப் பலகைக்கு 7-ஏ கூட மட்டக்கோல் வெச்சு வெச்சுத்தான் போகணும். 5-ல அந்த நீளம் முடியாதுன்னு இல்ல, ஆனா நாலு தள்ளுக்கு ஒரு தடவை மட்டக்கோல் வைக்கணும், மேட்டுல பென்சில் போட்டு அங்க மட்டும் சீவணும்.

திக்னஸர் இருக்கிறதால உங்களுக்குத் தேவை இப்படி: மேல்பரப்பு முடிக்க 4, விளிம்புக்கும் முரட்டு வேலைக்கும் 5, கதவு ஜன்னல் பொருத்த ஒரு கைக்குள்ள அடங்கற பிளாக் பிளேன் (60½ வகை). 7 பழசா நல்லதா சிக்கினா எடுங்க, புதுசுக்கு இப்ப காசு போட வேண்டாம். 5-க்கு ரெண்டு பிளேடு வெச்சுக்கங்க. ஒண்ணு 250 மி.மீ. ஆரத்துல வளைவா தீட்டினது, திக்னஸருக்குள்ள போகாத அகலப் பலகையைக் குறுக்குவாட்டுல அடிச்சு இறக்க. இன்னொண்ணு நேரா.

காசைப் பிரிக்கிறப்போ முதல்ல தீட்டற கல்லுக்கு ஒதுக்கிடுங்க. ஒரு பக்கம் 1000 நம்பர், மறுபக்கம் 6000 நம்பர் இருக்கிற கல் ஒண்ணு, அதைச் சமப்படுத்த 300 அல்லது 400 நம்பர் டைமண்ட் தட்டு ஒண்ணு, தீட்டும்போது பிளேடைக் கோணம் மாறாம பிடிக்கிற ஹோனிங் கைடு ஒண்ணு. மிச்சத்துல பெரும்பங்கு 4-க்குத்தான். 5 சுமாரா இருந்தாலும் ஓடும், 4 சுமாரா இருந்தா மேசையில அப்படியே தெரியும்.

கடைக்குப் போறப்போ ஸ்டீல் ஸ்கேல், சின்ன மூலைமட்டம், டூவீலர் பார்ட்ஸ் கடையில கிடைக்கிற ஃபீலர் கேஜ் மூணும் எடுத்துட்டுப் போங்க. பிளேடை உள்ள இழுத்துட்டு, இழைப்புளியைக் கவிழ்த்து, ஸ்கேலோட விளிம்பை அடித்தட்டுல நெட்டுக்கும் குறுக்குக்கும் வெச்சு வெளிச்சத்தைப் பாருங்க. முன்முனை, வாய்க்கு (பிளேடு வெளிய வர்ற திறப்பு) முன்பக்க விளிம்பு, பின்முனை மூணும் ஒரே மட்டத்துல இருக்கணும்; 0.05 மி.மீ. தகடு இந்த மூணு இடத்துல எங்கயும் நுழையக்கூடாது. நடுவுல மத்த இடம் கொஞ்சம் பள்ளமா இருந்தா பாதகமில்ல. வாய்க்கு முன்னாடி பள்ளமா இருந்தா அதை வாங்காதீங்க, அந்த விளிம்புதான் பிளேடு வர்றதுக்கு முன்னால நாரை அமுக்கிப் பிடிக்குது. அப்புறம் கடைக் கண்ணாடி மேசை மேல வெச்சு எதிரெதிர் மூலையை விரலால அமுக்கிப் பாருங்க. ஆடினா முறுக்கு இருக்கு. பள்ளத்தைத் தேய்ச்சு எடுக்கலாம். முறுக்கை எடுக்க ஒரு நாள் பூரா தேய்க்கணும்.

ஸ்க்ரூவைக் கழற்றி, பிளேடு உட்கார்ற ஃப்ராக்கை வெளிய எடுத்துப் பாருங்க. கடைக்காரர் முகம் சுளிப்பார், பரவாயில்ல. ஃப்ராக்கும் உடம்பும் ஒட்டற இடம் கடைஞ்ச உலோகமா இருக்கணும். அங்க பெயிண்ட் கட்டியா இருந்தா பிளேடு ஆட்டம் காணும். வாயோட ரெண்டு விளிம்பும் ஒண்ணுக்கொண்ணு இணையா இருக்கா, வாய் மூலையில, பக்கச் சுவர்ல விரிசல் இருக்கான்னு பாருங்க. பழசுன்னா தொங்கவிட்டு விரலால சுண்டினா மணி மாதிரி கேக்கணும். "டொக்"னு செத்த சத்தம் வந்தா எங்கயோ விரிசல்.

---

பன்னிரண்டு_டிகிரி (லாஸ்பேட்டை)

மேலே சொன்னதில் பெரும்பாலானவற்றை ஒப்புக்கொள்கிறேன், 4-ஐத் தவிர. அதற்குப் பதில் 14 அங்குல லோ ஆங்கிள் ஜாக் (5-ம் நம்பர் அளவு) ஒன்று வாங்கினால் அதுவே 5 ஆகவும் 4 ஆகவும் ஓடும். இதில் பிளேடு 12 டிகிரியில் படுத்திருக்கும், சாய்வுப் பக்கம் மேலே பார்த்திருக்கும். ஆகவே வெட்டுக் கோணம் என்பது 12-உடன் நீங்கள் தீட்டும் கோணத்தைக் கூட்டினால் வருவது. 25 டிகிரி தீட்டினால் 37. பலகையின் தலைப்பக்கம் (நார் குறுக்கே வெட்டுப்பட்ட முனை) இழைக்க இதைவிட சுகம் கிடையாது. 38 தீட்டினால் 50, தேக்குக்கு அளவானது. பலாவுக்கு 50 டிகிரி தீட்டிய மூன்றாவது பிளேடு: மொத்தம் 62. அந்தக் கோணத்தில் பிளேடு நாரைத் தூக்குவதில்லை, சுரண்டுகிறது. பிய்ப்பு வராது.

ஃப்ராக் கிடையாது, பிளேடின் மேல் ஒட்டி உட்காரும் கேப் அயர்ன் என்ற இரண்டாவது தகடும் கிடையாது. முன்பக்கத் தட்டைத் தளர்த்தி வாயை நொடியில் குறுக்கலாம். கழற்றி மாட்ட பாகங்கள் குறைவாதலால் புதிதாகப் பழகுபவருக்குத் தொல்லை குறைவு. வெரிடாஸ், லை-நீல்சன், சீனாவின் லூபான் மூன்றிலும் இந்த வகை உண்டு. முதல் இரண்டும் இறக்குமதி வரி சேர்த்தால் உங்கள் 25,000-ஐத் தனியாகவே விழுங்கிவிடலாம்; லூபான் அடங்கும், ஆனால் கல்லுக்கு மிஞ்சுவது கொஞ்சம்தான்.

---

மூலைமட்டம் (திருப்பாதிரிப்புலியூர்)

பன்னிரண்டு டிகிரி சார் சொன்ன கணக்கு சரி. ஆனா அதுல ரெண்டு விஷயம் விட்டுப்போச்சு.

மேசை மேல்பரப்பு முடிக்கிற பிளேடு நுனியில லேசான வளைவு வேணும், இல்லாட்டி ஒவ்வொரு தள்ளுக்கும் ரெண்டு ஓரத்துலயும் கோடு விழும். மரத்துக்குள்ள ஓரத்துக்கும் நடுவுக்கும் 0.1 மி.மீ. வித்தியாசம் வேணும்னு வெச்சுக்கங்க. 45 டிகிரியில நிக்கிற பிளேடுக்கு 0.14 மி.மீ. வளைவு தீட்டினா போதும், கல்லுல ரெண்டு ஓரத்தையும் நாலு தடவை கூட அமுக்கினா வந்துடும். 12 டிகிரியில படுத்திருக்கிற பிளேடுக்கு அதே வித்தியாசம் வர கிட்டத்தட்ட 0.48 மி.மீ. வளைவு வேணும். 50 டிகிரி கட்டையான முனையில அதைக் கையால கொண்டுவர்றது லேசுப்பட்ட வேலை இல்ல.

ரெண்டாவது, 62 டிகிரியில தள்ளிப் பாருங்க. ஆறடிப் பலா மேசை ஒண்ணை முடிக்கிறதுக்குள்ள தோள் கழண்டுடும். மேற்பரப்பும் மங்கலாத்தான் வரும், சுரண்டின நார் பளபளக்காது. தேய்மானமும் இருக்கு. தேக்குல சிலிக்கா உண்டு, எந்த பிளேடையும் சீக்கிரம் மழுக்கிடும். சாய்வு மேலே இருக்கிற பிளேடுல தேய்மானம் அடியில, தட்டைப் பக்கத்துல விழும். அந்தப் பக்கத்தை நாம ரொம்பத் தேய்க்க மாட்டோம். அதனால தீட்டினதா நினைச்சுக்கிட்டே மழுங்கின முனையோட ஓட்டிக்கிட்டிருப்போம்.

பலாவுக்கு மருந்து சாதாரண 4-லயே இருக்கு: கேப் அயர்ன். பெரும்பாலானவங்க அதை பிளேடை அமுக்கற தகடுன்னு நினைச்சு 1½, 2 மி.மீ. தள்ளி வெச்சுடறாங்க. அங்க இருந்தா அது ஒண்ணும் செய்யாது. முனையிலிருந்து 0.1 முதல் 0.2 மி.மீ. கிட்ட வெச்சாத்தான் சீவலை நாரை நெம்பவிடாம முன்னாடி தள்ளும், நார் முனைக்கு முன்னால பிளந்து ஓடாது. ஜப்பான் யமகாட்டா பல்கலைக்கழகத்துல கவாய், கட்டோ ரெண்டு பேர் இதை நுண்ணோக்கியில பதிவு பண்ணிக் காட்டியிருக்காங்க. கேப் அயர்ன் நுனி செங்குத்தா இருந்து, 0.1 மி.மீ. கிட்ட இருந்தா எதிர் நார்லயும் பிய்ப்பு அடங்கிடுது.

செய்முறை. கடையிலிருந்து வர்ற கேப் அயர்ன் நுனி பெரும்பாலும் ரொம்பச் சரிவா இருக்கும். அதோட மேல் பக்க நுனியில, கண்ணுக்குத் தெரிஞ்சும் தெரியாத அரை மி.மீ. அகலத்துக்கு, 50 டிகிரிக்கு மேல ஒரு சாய்வு தீட்டுங்க. அடிப் பக்கம் பிளேடோட ஒட்டற விளிம்பை, பின்வால் கொஞ்சம் கீழ தொங்கறாப்புல பிடிச்சு, கல்லுல தேய்ச்சு நேராக்குங்க. நுனி மட்டும் பிளேடைத் தொடணும், அதுக்குப் பின்னாடி சின்ன இடைவெளி இருக்கணும். ரெண்டையும் சேர்த்து ஸ்க்ரூ போட்டு ஜன்னல் பக்கம் தூக்கிப் பாருங்க. ஊசி முனை அளவு வெளிச்சம் தெரிஞ்சாலும் சீவல் அங்க போய்ச் செருகும்.

இப்ப ஸ்க்ரூவைத் தளர்வா வெச்சு, கேப் அயர்னை முனை வரைக்கும் மெல்ல நகர்த்துங்க. பிளேடை வெளிச்சத்துக்கு எதிரா சாய்ச்சா, கேப் அயர்னைத் தாண்டி பிளேடு முனையில தலைமுடி அகலத்துக்கு ஒரு வெள்ளைக் கோடு மின்னும். கோடு இருக்கா இல்லையான்னு சந்தேகம் வர்ற அளவுக்கு மெலிசானதும் நிறுத்துங்க. இறுக்கும்போது கேப் அயர்ன் முன்னாடி கொஞ்சம் நகரும், அதுக்கு இடம் விட்டு இறுக்கணும்.

சரியா உட்கார்ந்துச்சான்னு சீவலே சொல்லும். தூர இருந்தா சுருண்டு சுருண்டு விழும். சரியா இருந்தா சுருளாம வாயிலிருந்து நேரா, நாடா மாதிரி மேல எழும்பும். ரொம்பக் கிட்டப் போனா சீவல் மடிப்பு மடிப்பா நசுங்கி வரும், தள்ளவும் கனக்கும்; அப்ப ஒரு மயிரிழை பின்னால இழுங்க. கேப் அயர்ன் கிட்ட இருக்கும்போது வாயைக் குறுக்க வேண்டாம். ஃப்ராக்கை வாயோட பின்விளிம்புக்குச் சமமா வெச்சுட்டு விட்டுடலாம். ரெண்டையும் குறுக்கினா சீவல் போக வழியில்லாம அடைச்சுக்கும்.

என் யோசனை: சீவல்சுருள் சொன்ன பட்டியலே. லோ ஆங்கிள் வேணும்னா பிளாக் பிளேன் அளவுல எடுங்க, தலைப்பக்கத்துக்கு அது போதும்.

---

பன்னிரண்டு_டிகிரி

வளைவுக் கணக்கு நியாயம்தான். நான் லோ ஆங்கிளில் வளைவு தீட்டுவதில்லை, இரண்டு மூலைகளை மட்டும் மழுக்கிவிடுவேன். ஓரக் கோடு தெரியாது. கேப் அயர்னை 0.1-இல் நிறுத்தப் பொறுமை இருப்பவர் 4 வாங்கட்டும். தலைப்பக்கம் அதிகம் இழைப்பவருக்கு என் கட்சி மாறாது.

---

மஞ்சக்குப்பம்_பட்டறை

எல்லாருக்கும் நன்றி. கல், டைமண்ட் தட்டு, கைடு வாங்கியாச்சு. புது 4 ஒண்ணு எடுத்தேன், ஃபீலர் கேஜ் சோதனையில தேறிச்சு. பழைய இரும்புக் கடையில ஷெஃபீல்ட் ரெக்கார்ட் 05 ஒண்ணு துருவோட கிடைச்சது, விரிசல் இல்ல, மணிச் சத்தம் நல்லா வருது.

இப்ப ரெண்டு சிக்கல். புது 4-ல கேப் அயர்ன் கிட்ட வெச்சதும் நாலு தள்ளுக்குள்ள சீவல் வாயில அடைச்சுக்குது. தேக்குல ஓட்டும்போது சில சமயம் தடதடன்னு அதிருது. ரெக்கார்ட்ல பிளேடோட தட்டைப் பக்கம் துருக்குழி நிறைய. அடித்தட்டு கண்ணாடியில வெச்சா ஆடல, ஆனா வாய்க்கு முன்னாடி 0.1 மி.மீ. தகடு நுழையுது. பிளேடை மட்டும் 3 மி.மீ. தடிப்பான புதுசா மாத்திடலாமா?

---

மூலைமட்டம்

அடைப்புக்கு முதல் சந்தேகம் கேப் அயர்ன் ஒட்டாததுதான். அடைச்ச சீவலைப் பிடுங்காம, பிளேடை மேலிருந்து அமுக்கிப் பிடிக்கிற லீவர் கேப்பைக் கழற்றி, ரெண்டு தகட்டையும் சேர்த்தே வெளிய எடுங்க. சீவல் துணுக்கு ரெண்டு தகட்டுக்கும் நடுவுல புகுந்திருந்தா விளிம்பு ஒட்டல. திரும்பக் கல்லுக்குப் போகணும். நடுவுல ஒண்ணும் இல்லாம, வாய்க்கும் கேப் அயர்னுக்கும் நடுவுல திணிஞ்சிருந்தா வாய் குறுகல். ஃப்ராக்கை அரை மி.மீ. பின்னாடி நகர்த்துங்க. ரெண்டும் சரின்னா வாயோட முன்விளிம்பைப் பாருங்க. பல வாயில உள்பக்கம் சரிவு இல்லாம செங்குத்தா கடைஞ்சிருப்பாங்க. அடித்தட்டு விளிம்பைத் தொடாம, உள்ளே மேல்பக்கத்தை மட்டும் சின்ன அரத்தால 15 டிகிரி முன்னோக்கிச் சாய்ச்சு ராவிட்டா சீவல் வழுக்கிக்கிட்டு வெளிய வரும். அரத்தை அடித்தட்டு விளிம்புல பட விட்டா வாய் அகலமாகிடும், அங்க கவனம்.

அதிர்வுக்கு: முதல்ல லீவர் கேப் ஸ்க்ரூ. ரொம்பத் தளர்வா இருந்தா பிளேடு துடிக்கும், ரொம்ப இறுக்கினா அட்ஜஸ்ட்மென்ட் சக்கரம் விரலால சுத்தாது. லீவரை மடக்கின பிறகும் ரெண்டு விரலால சக்கரம் நகர்ற அளவுக்கு வைங்க. அடுத்து ஃப்ராக்கைப் பிடிக்கிற ரெண்டு ஸ்க்ரூவும் இறுக்கமா இருக்கா பாருங்க. ஃப்ராக்கோட முகத்துல மார்க்கர் பேனாவால கோடு போட்டு, பிளேடை வெச்சு லேசா ஆட்டி எடுங்க. நடுவுல மட்டும் மை அழிஞ்சா ஃப்ராக் முகம் உப்பியிருக்கு, அரத்தால ராவி எடுக்கணும். ஆழம் கொடுக்கும்போது எப்பவும் முன்னோக்கிச் சுத்தி முடிங்க. பின்னால இழுத்து நிறுத்தினா திருகுல இருக்கிற ஆட்டத்துல பிளேடு தள்ளும்போது தானா பின்வாங்கும்; முதல் சீவல் வரும், அப்புறம் ஒண்ணும் வராது. பெய்லி அமைப்புல அரைச் சுத்து ஆட்டம் இருக்கிறது இயல்பு, அதைக் குறைன்னு நினைச்சு எதையும் வளைக்காதீங்க.

3 மி.மீ. பிளேடு ரெக்கார்டுல வேண்டாம். அதுக்கு வந்த பிளேடு சுமார் 2 மி.மீ.தான். 3 போட்டா வாய் அடைச்சுக்கும், ராவணும். அதைவிட முக்கியம், ஆழம் நகர்த்தற நாக்கு பிளேடு தடிப்பைத் தாண்டிக் கேப் அயர்ன் துளைக்குள்ள எட்டாது. சக்கரம் சுத்தும், பிளேடு நகராது. 2.5 மி.மீ. வரைக்கும் பெரும்பாலும் சிக்கலில்லாம உட்காரும். எஃகுன்னு பார்த்தா ஓ1 சீக்கிரம் தீட்டலாம். ஏ2 நாள்பட உழைக்கும், ஆனா 25 டிகிரியில முனை பொடிப் பொடியா உதிரும், 30-க்குக் குறையாம தீட்டணும். பழைய தேக்கை ஓட்டறவருக்கு ஏ2 லாபம்.

அதுக்கு முன்னாடி, இருக்கிற பிளேடையே பாருங்க. குழி முனையிலிருந்து 3 மி.மீ. தள்ளி இருந்தா இன்னும் நாள் இருக்கு. முனையிலயே குழி இருந்தா எவ்வளவு தீட்டினாலும் அந்த இடத்துல பல்லு விழும், சீவல்ல நூல் நூலா கோடு வரும். அந்தப் பகுதி போற வரைக்கும் கிரைண்டர்ல கழிச்சுட்டு, அதை 250 மி.மீ. வளைவு பிளேடா வெச்சுக்கங்க. முரட்டு வேலைக்குச் சின்னக் குழி ஒண்ணும் பண்ணாது. கிரைண்டர்ல நுனி நீலமா மாறினா எஃகு சூட்டுல இளகிடுச்சு, அந்த நீலம் போற வரைக்கும் மறுபடி கழிக்கணும். நாலு நொடிக்கு ஒரு தடவை தண்ணியில முக்குங்க.

கைடுல தீட்டும்போது நுனி எவ்வளவு வெளிய நீட்டியிருக்குன்னு பார்த்துக்கங்க. பக்கவாட்டுல கவ்வற எக்லிப்ஸ் வகையா இருந்தா பிளேடு 38 மி.மீ. நீட்டினா 30 டிகிரி, 50 மி.மீ. நீட்டினா 25. ஒரு கட்டையில அந்த ரெண்டு தூரத்துக்கும் தடுப்பு ஆணி அடிச்சு வெச்சா ஸ்கேல் தேட வேண்டாம். 1000-ல அகலம் முழுக்க மறுபக்கம் பிசிர் கையில தட்டுப்படற வரைக்கும், அப்புறம் 6000-ல பத்துப் பன்னிரண்டு இழுப்பு, தட்டைப் பக்கத்தைக் கல்லோட படிய வெச்சு பிசிரை எடுக்கணும். பிசிர் அகலம் முழுக்க வராம 6000-க்குப் போறதுதான் பாதிப் பேரோட பிளேடு வெட்டாததுக்குக் காரணம்.

---

சீவல்சுருள்

வாய்க்கு முன்னாடி 0.1-ன்னா தேய்ச்சு எடுத்துடலாம். கண்ணாடிக் கடையில 12 மி.மீ. ஃப்ளோட் கண்ணாடித் துண்டு கேளுங்க, 2 அடிக்கு 8 அங்குலம் இருந்தா தாராளம். கடப்பாக் கல் வேண்டாம், பார்க்கத்தான் மட்டம். கிரானைட் மேடைத் துண்டு கிடைச்சா முதல்ல மட்டக்கோலை வெச்சுப் பாருங்க. 80 நம்பர் எமரியை ரோலா வாங்கி, ஸ்ப்ரே பசையில ஒட்டுங்க. காகிதம் அலை அடிச்சா விளிம்பெல்லாம் உருண்டுடும்.

பிளேடு, கேப் அயர்ன், லீவர் கேப் எல்லாம் மாட்டி, வழக்கமா ஓட்டற இறுக்கத்துல வெச்சு, பிளேடு நுனியை மட்டும் 2 மி.மீ. உள்ள இழுத்துட்டுத் தேய்ங்க. வெறும் உடம்பைத் தேய்ச்சா, அப்புறம் லீவர் கேப்பை மடக்கினதும் அடித்தட்டு மயிரிழை வளையும், பண்ணின வேலை வீண். அடியில மார்க்கரால குறுக்குக் கோடு போட்டுட்டு, அழுத்தாம முன்னும் பின்னும் நேரா இழுங்க. முனை, வாய் முன்பக்கம், பின்முனை மூணு இடத்துலயும் மை அழிஞ்சதும் 120, 180, 240ன்னு நிறுத்திக்கங்க. பளபளப்பு வேணும்னு 1000 வரைக்கும் போறது பொழுதுபோக்கு.

பக்கச் சுவர் அடித்தட்டுக்கு 90 டிகிரியான்னும் ஒரு தடவை பாருங்க. இழைப்புளியைப் பக்கவாட்டுல படுக்க வெச்சு பலகையோட தலைப்பக்கத்தை இழைக்கிற ஷூட்டிங் போர்டுக்கு மட்டும்தான் அது வேணும். வெறும் மேற்பரப்புக்கும் விளிம்புக்கும் ஒரு டிகிரி தப்பு இருந்தா விட்டுடுங்க.

விளிம்பு ஒட்டறதுக்கு ஒரு குறிப்பு. ரெண்டு பலகையையும் முகத்துக்கு முகம் சேர்த்து வைஸ்ல பிடிச்சு ஒரே நேரத்துல இழைங்க. விளிம்பு 90-ல இல்லாம 89 வந்தாலும், ரெண்டையும் விரிச்சுச் சேர்க்கும்போது ஒண்ணோட குறையை இன்னொண்ணு ஈடு கட்டிடும். கடைசியில நடுவுல மட்டும் ரெண்டு மெல்லிய சீவல் எடுத்து, ரெண்டு முனையும் இறுக்கமா, நடு துளி இடைவெளியா இருக்கிறாப்புல வைங்க. முனைதான் முதல்ல காய்ஞ்சு சுருங்கும், பிளக்கும். அந்த இறுக்கம் அதுக்கு முன்பணம்.

---

உப்பளக்_காற்று (உப்பளம், புதுச்சேரி)

யாரும் துருவைப் பத்திச் சொல்லல. கடலுக்கு ரெண்டு கிலோமீட்டருக்குள்ள பட்டறைன்னா வார்ப்பிரும்பு அடித்தட்டுல ராத்திரியோட ராத்திரி ஆரஞ்சுப் புள்ளி வரும். ஐப்பசி கார்த்திகையில கேட்கவே வேணாம். கையிலிருக்கிற வேர்வையும் சேர்ந்தா விரல் ரேகை அப்படியே அச்சாகும்.

வேலை முடிஞ்சதும் சீவல், தூசி எல்லாத்தையும் தட்டிட்டு, தையல் மெஷின் எண்ணெய் நனைச்ச துணியால அடித்தட்டு, பக்கச் சுவர், பிளேடு மூணையும் ஒரு தடவை துடைங்க. தேக்குத் தூசியும் பச்சைப் பலாத் தூசியும் ஈரத்தைப் பிடிச்சு வெச்சிருக்கும், கேப் அயர்னுக்கு அடியில தங்க விடாதீங்க. தேங்காய் எண்ணெய் தடவாதீங்க. நாள்பட்டா சிக்குப் பிடிச்சு, உள்ள புளிக்கிற அமிலம் இரும்புல கறை போடும். சிலிகான் ஸ்ப்ரே பட்டறைக்குள்ளயே வரக்கூடாது. அது பலகையில பட்டா பாலிஷ் ஏறும்போது மீன் கண்ணு மாதிரி குழி குழியா விலகும். ஓட்டும்போது வழுக்கணும்னா அடித்தட்டுல மெழுகுவர்த்தியால ரெண்டு கீத்து இழுங்க. அந்த மெழுகு பாலிஷைக் கெடுக்காது, தள்ளற பாரம் பாதியா குறையும்.

எண்ணெய் போட்ட இழைப்புளியை அடுத்த நாள் எடுத்ததும் அடித்தட்டைத் துணியால உலர்த்தி, முதல் நாலு தள்ளு கழிவுக் கட்டையில ஓட்டிட்டு மேசைக்கு வாங்க. வைக்கிறது மூடின மரப்பெட்டிக்குள்ள, சிலிக்கா ஜெல் பை ரெண்டு போட்டு. பை மாசத்துக்கு ஒரு தடவை வெயில்ல காய்ஞ்சா போதாது, அடுப்புச் சட்டியில மிதமா சூடு காட்டணும். தோல் உறை, சணல் சாக்கு ரெண்டும் ஈரத்தை இழுக்கும்.

ரெக்கார்டுல இருக்கிற துருவுக்கு: லிட்டர் தண்ணிக்கு 50 கிராம் சிட்ரிக் ஆசிட். மரப் பிடி ரெண்டையும் கழற்றிட்டு, உடம்பை முழுசா மூழ்கற மாதிரி ரெண்டு மணி நேரம் வைங்க. பாதி வெளிய நீட்டிக்கிட்டிருந்தா தண்ணி மட்டத்துல அழியாத கோடு விழும். ராத்திரி பூரா ஊற விட்டா நல்ல இரும்பையும் தின்னுடும். எடுத்து பிரஷ் போட்டு, ஆப்ப சோடா கரைச்ச தண்ணியில அலசி, உடனே ஹேர் டிரையர் அல்லது வெயில்ல உலர்த்தி, சூடு இருக்கும்போதே எண்ணெய். அலசிட்டுத் தேநீர் குடிக்கப் போனீங்கன்னா திரும்பி வர்றதுக்குள்ள மேல மறுபடி துரு பூத்திருக்கும். இரும்பு சாம்பல் நிறமாகும், அது கெடுதல் இல்ல. பித்தளைச் சக்கரத்தையும் திருகையும் ஆசிட்டுக்குள்ள போடாம தனியா துடைங்க.

---

மஞ்சக்குப்பம்_பட்டறை

கேப் அயர்ன் விளிம்புதான். ஜன்னல் பக்கம் பிடிச்சா ஒரு மூலையில வெளிச்சம் தெரிஞ்சது, கல்லுல தேய்ச்சதும் அடைப்பு நின்னுடுச்சு. பலாவுல சீவல் நேரா எழும்புது. அதிர்வு ஃப்ராக் ஸ்க்ரூ தளர்வு.

ஒரு கடைசிக் கேள்வி: பலா மேசையில ரெண்டு பலகை சேர்ற இடத்துல நார் எதிரெதிர் திசையில ஓடுது. எந்தப் பக்கம் தள்ளினாலும் ஒண்ணுக்கு எதிர் நார். 4-ல எந்தத் திசை?

---

மூலைமட்டம்

ஒட்டறதுக்கு முன்னாடியே ரெண்டு பலகையோட விளிம்பையும் பார்த்து, நார் ஒரே பக்கம் ஏறற மாதிரி திருப்பி வெச்சிருந்தா பாதித் தொல்லை இல்ல. அடுத்த மேசைக்கு ஒவ்வொரு பலகையோட விளிம்புலயும் நார் ஏறற திசைக்குச் சாக்பீஸ்ல ஒரு அம்பு போட்டு வைங்க. ஆனா பலாவுல நார் ஒரே பலகைக்குள்ளயே முன்னும் பின்னும் மாறும், அதனால முழுசா தப்பிக்க முடியாது.

இந்த மேசைக்கு: கேப் அயர்ன் 0.1-ல, சீவல் வெர்னியர்ல பார்த்தா 0.03லிருந்து 0.05 மி.மீ.-க்குள்ள. புதுசா தீட்டின முனையில ஆரம்பிங்க. பிய்ப்பு குறைவா வர்ற திசையை முதல்ல ஓரத்துல ரெண்டு தள்ளு ஓட்டிக் கண்டுபிடிச்சு, பலகை முழுக்க அதே திசையில போங்க. சேர்ற இடத்துல மட்டும் இழைப்புளியை 30 டிகிரி திருப்பிப் பிடிச்சு, தள்ளற திசை மாறாம ஓட்டுங்க. அப்பவும் ஒரு சாண் இடத்துல பிய்ச்சா அதை இழைப்புளியால துரத்தாதீங்க, பள்ளம் விழும். அங்க மட்டும் தகட்டுச் சுரண்டி. அது போன பிறகு முழுப் பலகைக்கும் 240 சாண்ட்பேப்பர் கையால ஒரு தடவை, அப்பத்தான் இழைச்ச இடமும் சுரண்டின இடமும் பாலிஷை ஒரே மாதிரி குடிக்கும்.